தெரியாத எண்ணைத் தேடி – 5: கடன்காரப் பிள்ளையின் பங்கு

சென்ற வாரம் எகிப்தில் இருந்தோம். கி.மு. 1550 வாக்கில் ஆமெஸ் என்ற எழுத்தர் பாப்பிரஸ் சுருளில் படியெடுத்து வைத்த கணக்குகளில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தோம். ஒரு குவியல், அதோடு அதன் ஏழில் ஒரு பங்கு; சேர்த்தால் 19. குவியல் எவ்வளவு?

ஆமெஸ் தலையைச் சொறியவில்லை. குவியல் 7 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டார். ஏழில் ஒரு பங்கு 1. கூட்டினால் 8. வேண்டியதோ 19. எட்டு பத்தொன்பதாக எத்தனை மடங்காக வேண்டுமோ, அத்தனை மடங்கு ஏழையும் ஏற்றினார். விடை 16⅝.

பொய்யாக ஓர் எண்ணை வைத்து மெய்யைப் பிடிக்கும் இந்த உத்தி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கர்களுக்குச் சோறு போட்டது. தானியம், கூலி, வரி என்று எதற்கும் சளைக்கவில்லை.

அது சறுக்கி விழுந்த இடம் ஒரு சாவு வீடு. இரண்டு பிள்ளைகள், ஒரு உயில், ஒரு கடன்.

★ ★ ★

அந்த வீட்டுக்குள் போகும் முன், அதைவிடப் பெரிய ஒரு பாகப்பிரிவினையைப் பார்த்துவிடலாம்.

பாக்தாதின் கலீஃபா ஹாரூன் அல் ரஷீத் தன் பிள்ளைகளை நன்றாக அறிந்தவர். 802-ஆம் ஆண்டு மக்காவுக்கு ஹஜ் போனபோதே பாகத்தைப் பிரித்து எழுதி வைத்தார். தனக்குப் பிறகு கலீஃபா பட்டம் அமீனுக்கு. கிழக்கே குராசான் பெருநிலம் மாமூனுக்கு. அமீனுக்குப் பிறகு பட்டமும் மாமூனுக்கே. இருவரிடமும் சத்தியம் வாங்கி, பத்திரங்களைக் கஅபாவிலேயே வைத்தார். இதைவிட உறுதியான சாட்சி வேறு என்ன வேண்டும்?

809-ல் ஹாரூன் கண்ணை மூடினார். இரண்டே ஆண்டில் அண்ணன் தம்பி படைகள் மோதிக்கொண்டன.

தன் மகனையே அடுத்த வாரிசாக்க அமீன் முயன்றதில் தொடங்கிய சண்டை, பாக்தாத் முற்றுகையில் போய் முடிந்தது. ஓராண்டுக்கு மேல் நீடித்த முற்றுகை. 762-ல் அவர்களுடைய கொள்ளுத்தாத்தா மன்சூர் வட்ட வடிவில் எழுப்பிய நகரம் தீயிலும் கல்வீச்சிலும் சிதைந்தது. 813-ல் அமீன் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். மாமூன் கலீஃபா ஆனார். ஆனாலும் சில ஆண்டுகள் தொலைதூர மெர்வ் நகரிலேயே இருந்துவிட்டு, 819-ல்தான் பாக்தாதுக்குள் நுழைந்தார்.

இந்த மாமூனின் ஆதரவில் வேலை பார்த்தவர்தான் முகம்மது இப்னு மூசா அல் குவாரிஸ்மி. ஆரல் கடலுக்குத் தெற்கே இருக்கும் குவாரிஸ்ம் பகுதிதான் அவர் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘பைத்துல் ஹிக்மா’ என்ற அறிவு இல்லத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர்களில் முதல் வரிசைப் பெயர். வானியல் அட்டவணை போட்டார். ஊர்களின் இருப்பிடங்களைத் தொகுத்தார். இந்திய எண்களை வைத்துக் கணக்குப் போடுவது எப்படி என்று தனியாக ஒரு நூல் எழுதினார்.

அவரிடம் மாமூன் கேட்டது ஒரு சுருக்கமான கைநூல். சொத்துப் பங்கீடு, உயில், வழக்கு, வியாபாரம், நில அளவை, வாய்க்கால் வெட்டு என்று மக்கள் அன்றாடம் மாட்டிக்கொள்ளும் கணக்குகளுக்கு உதவ வேண்டும். அந்த வரிசையில் சொத்தும் உயிலும் முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். சகோதரனை வீழ்த்திப் பட்டமேறியவர் கேட்ட நூல் என்பதையும் இதையும் நான் முடிச்சுப் போடவில்லை. நீங்கள் போட்டுக்கொண்டால் தடுக்கவும் மாட்டேன்.

நூலின் பெயர் நீளமானது. அதில் உள்ள இரண்டு சொற்கள் போதும்: அல் ஜப்ர், அல் முகாபலா.

★ ★ ★

இனி அந்தச் சாவு வீடு.

குவாரிஸ்மி ஊர் பேர் எதுவும் சொல்லவில்லை. ஒரு மனிதர் இறந்துவிட்டார். இரண்டு ஆண் பிள்ளைகள். பெட்டியில் ரொக்கம் 10 திர்ஹம். பிள்ளைகளில் ஒருவன் அப்பாவிடமே 10 திர்ஹம் கடன் வாங்கியிருக்கிறான். சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வெளியாள் ஒருவருக்குப் போக வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் இன்றும் ‘வஸிய்யத்’ என்றே சொல்கிறார்களே, அதுதான். வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படி எழுத முடியாது. இவர் உச்ச வரம்பைத் தொட்டிருக்கிறார்.

யாருக்கு எவ்வளவு?

ரொக்கம் 10, வரவேண்டிய கடன் 10, ஆக 20. அதை மூன்றாகப் பிரித்தால் முடிந்தது என்று கை தானாகப் போகும். ஆளுக்கு 6⅔. கடன்காரப் பிள்ளை தன் 6⅔ போக மீதி 3⅓ திர்ஹத்தைப் பெட்டியில் கொண்டுவந்து போடட்டும்.

அங்கேதான் சட்டம் குறுக்கே கையை நீட்டுகிறது. குவாரிஸ்மி பின்பற்றிய விதி இது: பிள்ளை பட்ட கடன் அவனுக்கு வரவேண்டிய பங்கைவிட அதிகமாக இருந்தால், கடன் முழுவதையும் அவனே வைத்துக்கொள்வான். பங்கு அளவுக்கு உள்ளது பங்கில் கழிந்துவிடும். அதற்கு மேல் உள்ளது அப்பா கொடுத்த அன்பளிப்பு. ஒரு காசும் திரும்பி வராது.

அப்படியானால் சொத்து என்பது என்ன? ரொக்கம் 10, அதோடு கடனில் அவன் பங்கு அளவுக்கு உள்ள தொகை. அவன் பங்கு எவ்வளவு? உயிலுக்குப் போக மீதிச் சொத்தில் பாதி.

பங்கு தெரிந்தால்தான் சொத்து தெரியும். சொத்து தெரிந்தால்தான் பங்கு தெரியும்.

★ ★ ★

ஆமெஸ் இங்கே வந்திருந்தால் என்ன செய்திருப்பார்?

வழக்கம்போல ஓர் எண்ணை வைத்திருப்பார். பங்கு 3 என்று வைப்போம். சொத்து 13. மூன்றில் ஒன்று உயிலுக்குப் போக 8⅔. அதில் பாதி 4⅓. மூன்று என்று வைத்தோம், 4⅓ என்று வருகிறது. சரி, 6 என்று வைப்போம். சொத்து 16, பிள்ளைக்கு 5⅓. இப்போது குறைவாக வருகிறது.

குவியல் கணக்கில் 19 என்ற குறி அசையாமல் நின்றது. இங்கே நாம் எண்ணை மாற்றினால் குறியும் கூடவே நகர்கிறது. மடங்கு போட்டு ஏற்றவும் முடியாது. நாம் எதை வைத்தாலும் பெட்டியில் இருக்கும் அந்த 10 திர்ஹம் அப்படியே கிடக்கும்.

இரண்டு ஊகங்களை வைத்து, இரண்டின் பிழைகளையும் கொண்டு விடையைப் பிடிக்கும் வித்தை சீனர்களிடம் இருந்தது. ஹான் காலத்து ‘ஒன்பது அத்தியாயங்கள்’ நூலில் அதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. இந்தக் கணக்கையும் அது பிடித்துவிடும். ஆனால் ஏன் அந்த விடை வருகிறது என்று தீர்ப்புச் சொல்லும் காஜியின் முன்னால் நின்று விளக்கிச் சொல்ல அது உதவாது.

குவாரிஸ்மி ஊகிக்கவே இல்லை.

★ ★ ★

கடனிலிருந்து சொத்தில் சேரும் தொகைக்கு அவர் ஒரு பெயர் வைத்தார்: ‘ஷய்’. ஏதோ ஒரு பொருள் என்று அர்த்தம். எவ்வளவு என்று தெரியாது. தெரியாமலேயே கணக்கேட்டில் எழுதினார்.

இப்போது சொத்து, பத்து திர்ஹமும் ஒரு ஷய்யும்.

இதில் மூன்றில் ஒரு பங்கை உயிலுக்காகக் கழிக்க வேண்டும். பத்தில் மூன்றில் ஒன்று 3⅓. ஷய்யில் மூன்றில் ஒன்று, ஷய்யில் மூன்றில் ஒன்றுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எவ்வளவு என்றே தெரியாத ஒன்றில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி ஒருவர் கையில் கொடுக்கிறார் மனிதர், கையில் எண்ணி வைத்திருக்கும் திர்ஹத்தைப் போல. ஆமெஸ் தெரியாத எண்ணைத் தொட்டதே இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பொய் எண்ணை உட்கார வைத்து அதைத்தான் வெட்டினார், கூட்டினார். குவாரிஸ்மி தெரியாததையே மேசைமேல் வைத்து அறுக்கிறார்.

மீதி 6⅔ திர்ஹமும், ஷய்யில் மூன்றில் இரண்டும். இரண்டு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு 3⅓ திர்ஹமும், ஷய்யில் மூன்றில் ஒன்றும்.

கடன்காரப் பிள்ளைக்குக் கிடைப்பது இதுதான். ஆனால் அவனுக்குக் கிடைப்பதற்குத்தானே ஷய் என்று பெயர் வைத்தோம்?

எனவே ஒரு பக்கம் ஒரு ஷய். மறுபக்கம் 3⅓ திர்ஹமும், ஷய்யில் மூன்றில் ஒரு பங்கும்.

இரண்டு பக்கமும் ஷய் இருக்கிறது. மறுபக்கத்தில் இருக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு ஈடாக இந்தப் பக்கத்திலும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுகிறார். ஒரே இனத்தை ஒன்றுக்கொன்று நேர்நிறுத்திக் கழிக்கும் இந்தச் செயல்தான் முகாபலா. மிஞ்சியது: ஷய்யில் மூன்றில் இரண்டு, 3⅓ திர்ஹம்.

மூன்றில் இரண்டு முழுதாக வேண்டுமானால் அதில் பாதியை அதோடு சேர்க்க வேண்டும். 3⅓-இல் பாதி 1⅔. சேர்த்தால் 5.

ஷய் என்பது 5 திர்ஹம்.

சரிபார்க்கலாம். சொத்து 15. உயில்காரருக்கு 5. ஆளுக்கு 5. பெட்டியில் இருந்த பத்தில் ஐந்து வெளியாளுக்கு, ஐந்து கடன்படாத பிள்ளைக்கு. கடன்காரப் பிள்ளை தன் பத்தையும் வைத்துக்கொள்கிறான்: ஐந்து பங்கு, ஐந்து அப்பாவின் அன்பளிப்பு. கடன் வாங்காமல் யோக்கியமாக இருந்தவனுக்கு ஐந்தோடு சரி. நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

★ ★ ★

“இதற்கு எதற்கு ஷய்யும் பொய்யும்? மூன்று பேருக்கும் சமபங்கு. ஒருவன் பங்கு அவனிடமே இருக்கிறது. மீதி இரண்டு பேர் ரொக்கம் பத்தைப் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டால் 5. ஒரே வரியில் முடிந்ததே!” என்று சிலர் துள்ளியிருப்பீர்கள்.

சரிதான். வெறும் சாமர்த்தியத்தாலேயே இது விழும்.

குவாரிஸ்மிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அடுத்த கணக்கில் அதே வீடு, அதே பத்து, அதே கடன். உயிலை மட்டும் மாற்றுகிறார். வெளியாளுக்குச் சொத்தில் ஐந்தில் ஒரு பங்கும், அதன்மேல் ஒரு திர்ஹமும்.

இப்போது சமபங்கு இல்லை. சாமர்த்தியத்துக்குப் பிடிமானம் இல்லை. ஆனால் வழி அதே வழிதான். சொத்து பத்தும் ஒரு ஷய்யும். ஐந்தில் ஒன்று போனால் 8 திர்ஹமும், ஷய்யில் ஐந்தில் நான்கும். இன்னொரு திர்ஹம் போனால் 7. பாதியாக்கினால் 3½ திர்ஹமும், ஷய்யில் ஐந்தில் இரண்டும். அதுதான் ஒரு ஷய். இரு பக்கமும் ஐந்தில் இரண்டை எடுத்தால், ஷய்யில் ஐந்தில் மூன்று என்பது 3½. ஷய் 5⅚ திர்ஹம்.

பொறுமை இருக்கிற எந்தக் கணக்குப்பிள்ளையும் இதைப் போட்டுவிடலாம். மூளைக்காரனாக இருக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், நூலின் பெரிய சாதனை அதுவே.

★ ★ ★

ஜப்ர் எங்கே என்று கேட்கிறீர்களா? அதற்கு உயில் வேண்டாம். நூலின் முற்பகுதியில் வரும் ஒரு சின்னக் கணக்கு போதும்.

பத்தை இரண்டாகப் பிரித்தேன். ஒன்றை மற்றதால் வகுத்தால் 4 வருகிறது. இரண்டும் என்ன?

ஒன்று ஷய். மற்றது பத்தில் ஷய் குறைந்தது. வகுத்தால் 4 என்பதால், நான்கு ஷய்யும் பத்தில் ஒரு ஷய் குறைந்ததும் சமம்.

குவாரிஸ்மியின் உலகில் எதிர்ம எண் தனியாக நிற்க முடியாது. ‘பத்தில் ஒரு ஷய் குறைவு’ என்பது அவருக்குக் குறைபட்டு நிற்கும் பத்து. அதை முழுதாக்க வேண்டும். அந்த ஷய்யைப் பத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறார். நியாயம் வழுவாமல் எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு ஷய் கொடுக்கிறார். ஐந்து ஷய்க்குப் பத்து. ஷய் 2. மற்றது 8.

‘அந்தப் பக்கம் போனா மைனஸ் ப்ளஸ் ஆகும்’ என்று ஏழாம் வகுப்பில் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோமே, அதுதான் ஜப்ர். எதுவும் பக்கம் மாறிப் போவதில்லை, இரு பக்கமும் ஒன்றைச் சேர்க்கிறோம் என்று அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் கணக்கு வாத்தியாரைக் கண்டு ஓடியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு விசித்திரம். எல்லாச் சமன்பாடுகளையும் அவர் ஆறு வகையாகப் பிரிக்கிறார். இன்று நாம் ஒருபடிச் சமன்பாடு என்று சொல்லும் வகைக்கு அங்கே கிடைப்பது மூன்றே உதாரணம், சில வரிகள். நான்கு மூலங்கள் (தெரியாத எண்ணுக்கு அங்கே அந்தப் பெயர்) இருபதுக்குச் சமமென்றால் ஒரு மூலம் ஐந்து என்கிற ரகம். வர்க்கம், மூலம், எண் மூன்றும் சேர்ந்து வரும் வகைகளுக்குத்தான் படம் வரைந்து நிரூபணம். ஆனால் உயில் பகுதிக்கு வந்ததும், ஏறிட்டுப் பார்க்காத அந்த எளிய வகைதான் பக்கம் பக்கமாக ஆட்சி செய்கிறது. நூலில் கிட்டத்தட்டப் பாதி உயில் கணக்குகள். கணவன், மனைவி, தாய், மகன், மகள் என்று ஆள் கூடக் கூடச் சிக்கல் கூடுகிறது.

இத்தனையும் சொற்களில். ஒரு குறியீடு கிடையாது. இந்திய எண்களைப் பற்றித் தனி நூலே எழுதியவர், இந்த நூலில் எண்களைக்கூட எழுத்தால்தான் எழுதினார்.

★ ★ ★

இவர்தான் முதல் ஆளா?

இல்லை. 499-ல் ஆரியபட்டர், தெரியாததைக் ‘குளிகா’ என்று அழைத்து, இரு பக்கமும் அது இருந்தால் எப்படிப் பிரிப்பது என்று ஒரே சூத்திரத்தில் சொல்லிவிட்டார். 628-ல் பிரம்மகுப்தரும் அந்த விதியைத் தந்தார். அவர் கை வைத்த எதிர்ம எண்களைக் குவாரிஸ்மி தொடவே இல்லை. அதற்கும் முன்னால் அலெக்சாந்திரியாவில் டயோஃபாண்டஸ், தெரியாததற்கு ஒரு குறியே வைத்துக் கணக்குப் போட்டார்.

ஆரியபட்டரின் சூத்திரம் உரைகாரர் இல்லாமல் திறக்காது. டயோஃபாண்டஸ் விடுகதைப் பிரியர்களுக்கு எழுதினார். குவாரிஸ்மி, சொத்துத் தகராறோடு வாசலில் நிற்கிறவனுக்கு எழுதினார். படிப்படியாக, ஒரு கணக்கு முடிந்ததும் அதைச் சற்றே மாற்றி இன்னொன்று, பிறகு இன்னொன்று. முதல் ஆள் என்ற பட்டத்தைவிட இது பெரிது என்று நினைக்கிறேன், மற்றவர்கள் மறுக்கலாம்.

அவர் இறந்த பிறகு அந்தப் பட்டத்துக்கும் பாகப்பிரிவினைச் சண்டை வந்தது. அபூ பர்ஸா என்பவர், இதை முதலில் செய்தவர் தன் தாத்தா அப்துல் ஹமீத் இப்னு துர்க் என்று உரிமை கொண்டாடினார். எகிப்தியக் கணித மேதை அபூ காமில் கொதித்தெழுந்து, முதலிடம் குவாரிஸ்மிக்கே என்று எழுதினார். அந்த அபூ காமிலும் உயில் கணக்குகளுக்கென்று தனி நூல் போட்டவர்தான்.

★ ★ ★

முந்நூறு ஆண்டுகள் கடந்தன. நூல் மேற்கே பயணப்பட்டு ஸ்பெயினுக்கு வந்து சேர்ந்தது. தொலேதோ 1085-லேயே கிறிஸ்தவ அரசனின் கைக்குப் போயிருந்தது. அரபு நூல்களைத் தேடி ஐரோப்பாவின் படிப்பாளிகள் மலை தாண்டி வரத் தொடங்கியிருந்தார்கள்.

1145. செகோவியா நகரம். செஸ்டரைச் சேர்ந்த ராபர்ட் என்ற ஆங்கிலேயர் குவாரிஸ்மியின் நூலை லத்தீனில் பெயர்த்து முடித்தார். ஷய் முதன்முறையாக லத்தீன் உடுத்தியது. ஆறு வகைகளும் வந்தன. நிரூபணங்களும் வந்தன.

உயில் பகுதி வரவில்லை.

சில பத்தாண்டுகளில் தொலேதோவில் கிரெமோனாவின் ஜெரார்டும் அதே நூலை, இன்னும் கவனமாக, மொழிபெயர்த்தார். அதிலும் உயில் பகுதி இல்லை. இறந்துபோன அப்பாவும், பத்து திர்ஹமும், கடன்காரப் பிள்ளையும் லத்தீன் ஐரோப்பாவுக்குள் நுழையவே இல்லை. அவர்களை ஆங்கிலத்தில் படிக்க 1831 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக்ஸ்போர்டில் இருக்கும், 1342-ல் படியெடுக்கப்பட்ட அரபுப் பிரதியிலிருந்து ஃபிரெடரிக் ரோசன் அந்த ஆண்டுதான் முழு நூலையும் மொழிபெயர்த்தார்.

குர்ஆன் சொல்லும் பங்குமுறை கிறிஸ்தவ நாட்டில் யாருக்கு வேண்டும் என்று இரண்டு பேருமே தனித்தனியாக முடிவு செய்து பாதி நூலை விட்டுவிட்டார்களா? அல்லது மேற்கே வந்த பிரதிகளிலேயே அந்தப் பாதி கழன்று போயிருந்ததா?

எப்படியானாலும், அரபு நூலில் ஷய் அதிகமாக உழைத்த இடம் அந்தப் பாதிதான். அது இல்லாமல் வெறும் விதிகளாக வந்திறங்கிய இந்தப் புதிய விருந்தாளிக்கு ஐரோப்பாவில் முதலில் வேலை கொடுத்தது யார்? மடத்துப் பாதிரியாரா, பல்கலைக்கழக ஆசிரியரா, பைசா நகரத்து வியாபாரியா?

(தொடரும்)